வம்பு மேஜையும் ரேவதியும்

பிளாஸ்டிக் ஷீட்டை வளைக்கிற தொழிலில் சூடு ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கணும். பக்கத்து ஸ்டூல்காரி பாராட்டு வாங்கும்போது அப்படி இருப்பது எத்தனை கஷ்டம் என்று வேலைக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வம்பு

திருப்பதியில் வீடு கட்டி விற்கிறவர்களுக்குக் குட்டிக் குட்டி மாதிரிக் கட்டடம் செய்து கொடுக்கும் கடை எங்களுடையது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, தெலுங்குக்கார முதலாளி ஒரு ஷீட்டை என் கையில் கொடுத்து, “இக்கட வம்பு காவாலம்மா” என்றார். எனக்குத் தெரிந்தது சத்தியவேட்டுச் சந்தைத் தெலுங்கு. வந்ததும் வராததுமாக வம்பு வேணுமாமே என்று பதறி, “நான் வம்புதும்புக்குப் போறவ இல்ல சார்” என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பாகாலா ஊர்க்காரி ரேவதி, அவளும் அன்றுதான் சேர்ந்தவள், ஷீட்டை வாங்கிச் சூட்டுக் கம்பிமேல் காட்டி அழகாக மடக்கிவிட்டாள். வளைக்கும் மேஜை அவளுக்கு. மரம், புல் ஒட்டும் மூலை எனக்கு. போகிற போக்கில் சொன்னாள்:

“யக்கா, அவரு சண்டைக்கா கூப்ட்டாரு? தெலுங்குல வம்புன்னா வளைவுக்கா!”

பால்கனி

அமெரிக்காவில் இருக்கிற சித்தூர்க்காரர் ஒருவர், அப்பா அம்மாவுக்கு வீடு வாங்க மாதிரியைப் பார்க்க வந்தார். பால்கனிக் கண்ணாடியின் வளைவைக் குனிந்து குனிந்து பார்த்தார். “யார் செஞ்சது?” ரேவதி வெட்கப்பட்டாள். வெட்கம்கூட அவளுக்கு அளவாகத்தான் வரும்.

வாசலில் நான் இலை இலையாக ஒட்டிய மாமரம் நின்றது. பொறுக்க முடியாமல், “சார், அந்த மரம்...” என்று இழுத்தேன். அவர் முகம் மலர்ந்து கேட்டார்:

“ஆமா, இதெல்லாம் ரெடிமேடா எந்தக் கடையில கிடைக்குது?”

துண்டு

அக்கா வீட்டு விசேஷம் என்று ரேவதி லீவு போட்ட அன்று, கல்யாண மண்டப மாதிரிக்கு வளைந்த கூரை அவசரமாக வேண்டியிருந்தது. “நீ செய். நல்லா வந்தா இனி உனக்கும் மேஜை வேலைதான்” என்றார் முதலாளி. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

அடுப்பில் சூடேறிய ஷீட் நனைந்த அப்பளம்போலத் தொங்கும். அதை மர அச்சின்மேல் போர்த்தணும். அச்சுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் வழவழப்பான துணி விரிக்கணும். ரேவதி அதை எங்கே வைத்தாளோ, கிடைக்கவில்லை. என் டிபன் டப்பாவைச் சுற்றி எடுத்துவந்த சொரசொரப்பான பூத்துண்டை விரித்தேன். ஆறியபிறகு எடுத்தால், கூரை முழுக்கத் துண்டின் நெசவு முடிச்சு முடிச்சாய்ப் பதிந்திருந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மண்டபக்காரர் கங்காதர நெல்லூரிலிருந்து வந்து இறங்கினார். கூரையைத் தடவினார்.

“அட, ஓடு வேஞ்சாப்ல கீதே! எனக்கு இதே மாதிரிதான் வோணும் சாரு!”

பெங்களூர்

மறுநாள் ரேவதி வந்தபோது, மேஜை வேலை கிடைத்த மிதப்பில் அவள் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். முகம் சுருங்கும் என்று ஆசையாகப் பார்த்தேன். அவளோ ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். விசேஷம் பொய்யாம். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூவாம், வேலையும் கிடைத்துவிட்டதாம்.

“இந்த மேஜைய நீயே வெச்சிக்கக்கா, அங்க ஏசி ரூம்ல மெஷினே வளைச்சிக்கினு கீது, நான் பட்டன அமுக்கினா போதும்!”

ஏங்கி ஏங்கிக் கிடைத்த ஸ்டூலில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிம்மதியாக உட்காரவிடாத இந்த வயிற்றெரிச்சலை வைத்து ஒரு ஷீட்டையாவது வளைக்க முடிந்தால், கடையில் கரன்ட் செலவாவது மிச்சமாகும்.