நேர்காணலுக்கு நான் தயார் செய்த கதை

சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, ஒரு சனிக்கிழமை பிற்பகல், புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் உள்ள ஒரு சின்ன பேக்கரியில் இது நடந்தது. நடந்தது என்று சொல்லும் அளவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவள் ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வியர்த்த வியர்வை இன்னும் நினைவிருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு நெல்லித்தோப்பில். அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அம்மா அதே மார்க்கெட்டில் மீன் விற்கிறார். இருவரும் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். இன்ஜினீயரிங் முடித்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை. கொரோனா நேரத்தில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்தவன், அப்படியே வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் பிறகு எல்லோரும் பெங்களூர் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஒரு நாள் மெயில் வந்தது.

எனக்குப் போக மனமில்லை. அப்பாவுக்கு முதுகுவலி வந்து பாதி நாள் வேலைக்குப் போவதில்லை. மார்க்கெட்டிலிருந்து அம்மா திரும்ப மதியம் ஆகிவிடும். நான் இருந்தால் அப்பாவுக்குச் சாப்பாடு போடவாவது ஆள் இருக்கும். அந்த நேரத்தில்தான் வேறொரு நிறுவனத்தில் மேனேஜர் வேலைக்கு அழைப்பு வந்தது. எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். இது கிடைத்தால் வீட்டோடு இருக்கலாம், கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மேனேஜர் வேலை என்றால் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆறேழு பேரை வைத்து வேலை வாங்க வேண்டும். அதனால் நேர்காணலிலும் ஆட்களைப் பற்றித்தான் கேட்பார்கள். உங்கள் குழுவில் ஒருவர் பின்தங்கியிருந்தால் என்ன செய்தீர்கள், இருவருக்குள் சண்டை வந்தால் எப்படித் தீர்த்தீர்கள், இப்படி. அதற்கு முந்தைய வருடம் வேறோர் இடத்தில் இதே சுற்றில்தான் என்னைக் கழித்துவிட்டார்கள். ஆகவே இந்த முறை ஒரு நீள நோட்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக ஆறு அனுபவங்களை எழுதினேன். நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன என்று நான்கு பகுதியாகப் பிரித்து எழுதி, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். பீரோ கண்ணாடி முன் நின்று தினமும் சொல்லிப் பார்ப்பேன்.

அம்மா ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாடா, பீரோகிட்ட இங்கிலீஷ் பேசினு இருக்க? அதுவா உனுக்கு வேலை குடுக்கப் போவுது?"

"பழகுறேம்மா. மேனேஜர் இன்டர்வியூ."

"மனுசங்களை மேய்க்கிற வேலைன்னு அன்னிக்கு சொன்னியே. மனுசங்ககிட்டப் போய்ப் பேசிப் பழவு."

அம்மா சொன்னது சரி என்று பட்டது. யாரையாவது எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்ல வேண்டும். அப்போது நினைவுக்கு வந்தவள்தான் சாரத்துப் பெண். நான்கு வருடத்துக்கு முன் கல்லூரி முடித்த கையோடு என் குழுவில் சேர்ந்தவள். ஒரு வருடம் இருந்துவிட்டு, சம்பளம் கூடுதல் என்று சொல்லி வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். இப்போது அங்கே அவளே ஆட்களை நேர்காணல் செய்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தயங்கித் தயங்கி ஃபோன் செய்தேன். "சனிக்கிழமை வாங்கண்ணா, எங்க தெரு பேக்கரிக்கு. பயப்படாதீங்க, பாஸ் போட்டுடுறேன்" என்று சிரித்தாள்.

நான் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவள் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, முட்டை பஃப்பும் டீயும் சொல்லிவிட்டு, முகத்தைச் சட்டென்று கடுமையாக வைத்துக்கொண்டாள். முதல் இரண்டு கேள்விக்கும் சரளமாகப் பதில் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது கேள்வி, பின்தங்கிய ஒருவரை எப்படி முன்னேற்றினீர்கள் என்பது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நோட்டில் முதல் பக்கத்தில் இருப்பது அதற்கான பதில்தான். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வேலையில் தடுமாறினான், நான் வாரம் ஒரு முறை அவனோடு தனியாக உட்கார்ந்தேன், வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தேன், குறைகளைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன், ஒரே வருடத்தில் அவன் வேறொரு பெரிய நிறுவனத்துக்குப் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன்.

அவள் எழுதவில்லை. பஃப்பைப் பாதி கடித்தபடி என்னையே பார்த்தாள்.

"அண்ணா, அந்தப் பையன் நானா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. முதன்முதலில் நோட்டில் எழுதும்போது அவளைத்தான் நினைத்து எழுதினேன். பெண் என்று சொன்னால் யாரென்று தெரிந்துவிடுமே என்று பையனாக மாற்றினேன். பிறகு கண்ணாடி முன் முப்பது நாற்பது தடவை சொன்னதில் அந்தப் பையன் உண்மையிலேயே எங்கோ இருப்பதாக எனக்குள் ஆகிவிட்டிருந்தது. அவளிடமே போய் அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

"ஆமாம்மா... கொஞ்சம் மாத்திச் சொன்னேன்" என்று இழுத்தேன்.

"கொஞ்சமா? வாரம் ஒருவாட்டி என்கூட உக்காந்தீங்களா? எப்பண்ணா? ஒரு நாள் சொல்லுங்க பாப்போம்."

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துப் பார்த்து, இங்கே இது சரியில்லை, இதை மாற்று என்று குறிப்பு எழுதி அனுப்புவார். எழுதியவரே அதைத் திருத்த வேண்டும். ரிவ்யூ என்போம். அவள் சாயங்காலம் எழுதி அனுப்பியதை நான் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பவே இல்லை. பாவம் சின்னப் பெண், எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று நானே உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதிச் சேர்த்துவிடுவேன். காலையில் அவளுக்கு, "சின்ன மாற்றம் செய்திருக்கிறேன்" என்று ஒரு வரி போகும். ஒரு வருடமும் இப்படித்தான்.

"சின்ன மாற்றம்னு போட்டிருப்பீங்க. திறந்து பாத்தா என்னோடது நாலு வரிதான் மிச்சம் இருக்கும்" என்றாள். "என்னோடது பழசு, உங்களது புதுசு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கினு எது தப்புன்னு நானா தேடுவேன். கேக்கலாம்னா, நீங்கதான் திட்டவே இல்லியே. திட்டுனாலாவது ஏன்னு கேக்கலாம். நான் வேலைக்கே லாயக்கு இல்லன்னு நெனைச்சுதாண்ணா போனேன். சம்பளமெல்லாம் சும்மா சொன்னது."

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் தட்டில் இருந்த பஃப்பைத் தொடவில்லை.

"நான் உனக்கு உதவி பண்ணதா நெனச்சிட்டிருந்தேன்."

"தெரியும்ணா. நீங்க நல்லவருன்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் உங்கமேல கோவப்படக்கூட முடியல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, சாப்பிடுங்க. ஆறிப்போச்சு" என்றாள்.

வீட்டுக்கு எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை. நான்கு நாளில் நேர்காணல். நோட்டில் முதல் பக்கமே பொய். மற்ற பக்கங்களைப் புரட்டினேன். அவற்றிலும் ஏதாவது சிக்கல் வந்தால் கடைசியில் "நானே முடித்தேன்" என்றுதான் இருந்தது. ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்ததால் அது என் கண்ணில் படவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும், விண்ணப்பத்தை எழுதித் தரச் சொன்னார். எங்கள் தெருவில் இது வழக்கம். நான் ஏழாவது படிக்கும் காலத்திலிருந்து யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும் இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்துவிடுவேன். படித்த பிள்ளை என்று கன்னத்தை வழித்துவிட்டுப் போவார்கள். எனக்கும் அதில் பெருமைதான். அன்றைக்குப் பேனாவைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. இந்த அத்தை எட்டாவது வரை படித்தவர். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே என்னிடம் வருகிறார். ஒரு தடவைகூட, நீங்களே எழுதுங்கள் என்று நான் சொன்னதில்லை.

"அத்தை, நீங்களே எழுதுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்று பேனாவை நீட்டினேன்.

"ஏம்பா? மேனேஜர் ஆவறதுக்கு முன்னாடியே இப்பிடியா?"

"இல்லத்தை, சும்மா எழுதிப் பாருங்க."

"திங்கக்கெழமை கடைசி நாளு. அடிச்சுத் திருத்துனா வாங்க மாட்டான். உனுக்கு விளையாட்டா இருக்குதா?"

"வேற ஃபாரம் பிரின்ட் எடுத்துத் தரேன். எழுதுங்க."

அரை மணி நேரம் ஆனது. மருமகள் பெயர் கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. பிறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் கல்யாணத் தேதியை எழுதினார். நடுநடுவே என்னைத் திட்டினார், எங்கள் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். பேனாவைப் பிடுங்கி எழுதிவிடலாமா என்று பலமுறை கை போனது. பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது படிவத்தில் சரியாக எழுதி முடித்தார். தூரமாகப் பிடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். "அடுத்த வாட்டியும் வருவேன், பாத்துக்கோ" என்று மிரட்டிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் சாரத்துப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை நடந்தபடியே நேர்காணலில் சொல்லலாமா, உனக்கு ஆட்சேபம் இல்லையே என்று கேட்டேன்.

"தாராளமா சொல்லுங்கண்ணா. ஆனா என்னை ஆம்பளையா மட்டும் ஆக்கிடாதீங்க" என்றாள்.

நேர்காணல் புதன்கிழமை காலை. திரையில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. சிரிக்கவே இல்லை. எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். நான் நோட்டை மூடி வைத்திருந்தேன். மனப்பாடம் செய்யாததால் என் ஆங்கிலம் இரண்டு மூன்று இடத்தில் தடுக்கியது. என் குழுவில் ஒரு பெண் இருந்தாள், அவள் வேலையையெல்லாம் நானே செய்து கொடுத்தேன், அதை உதவி என்று நினைத்தேன், அவள் தன்னம்பிக்கை போய் வேலையை விட்டாள், அது போன சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது என்று சொன்னேன். சொல்லும்போதே இந்த வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். பெங்களூரில் அறை தேடுவதைப் பற்றிக்கூட ஒரு நொடி மனதில் ஓடியது.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், சின்ன வயதிலிருந்து எல்லோருக்கும் நானே எழுதிக் கொடுத்துப் பழகிவிட்டேன், சொல்லிக் கொடுத்துப் பழகவில்லை என்றேன். இப்போது என்ன செய்வீர்கள் என்றார். பக்கத்தில் உட்காருவேன், கையை மட்டும் நீட்ட மாட்டேன் என்றேன். அத்தை திட்டியதையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் அந்த அத்தையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து வேலை கிடைத்த செய்தி வந்தது. "பீரோகிட்ட பேசுனது வீண் போவலடா" என்ற அம்மா, செய்தியை மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். சாரத்துப் பெண்ணுக்கு ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "மேனேஜர் சார்" என்று கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்போது என் குழுவில் ஆறு பேர். சேர்ந்த முதல் வாரமே, புதிதாக வந்த ஒருவர் எழுதியது எனக்கு ரிவ்யூவுக்கு வந்தது. எங்கே தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நானே திருத்தினால் பத்து நிமிட வேலை. "இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் மூன்று தடவை அதைத் திறந்து, மூன்று தடவை மூடினேன். வந்த பதில் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது.

கை இன்னும் பரபரக்கத்தான் செய்கிறது. அம்மாவும் அப்பாவும் என்னைப் படிக்கவைத்தார்கள், அந்தப் படிப்பால் எல்லோருக்கும் உதவுகிறேன் என்று இத்தனை வருடம் பெருமையாக நினைத்திருந்தேன். அந்த உதவியால் ஒருத்தி தன்னையே குறைவாக நினைத்துக்கொண்டாள் என்பதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசி மறந்திருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னதால்தான், யாராவது தடுமாறுவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் கை ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறது.