எண்டிங்கனில் நியாயம் கேட்கப் போன சனிக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் இயற்கை அழகு அல்ல, எண்ணெயில் பொரித்தெடுக்கும் ஒரு மெசின். சூரிச் ஓர்லிகோனில் நான் வேலை செய்யும் கன்டீன் சமையலறையில் போன மார்ச் மாதம் அது தீப்பிடித்தது. ஆட்களுக்குச் சேதமில்லை, சுவரும் கூரையும் கருகிப்போயின. முந்தைய வாரம் அதைத் திருத்திவிட்டுப் போன சுவிஸ் மெக்கானிக்கின் பிழைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். உண்மை எனக்குத் தெரியும். எங்களோடு வேலை செய்யும் ராசன் அண்ணை அதை நிற்பாட்டாமல், தொலைபேசியில் கதைத்தபடி வெளியே போனதை என் கண்ணால் கண்டேன். திங்கள் காலை முதலாளி என்னை விசாரிக்க இருந்தார்.

ராசன் அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருக்கிறார்கள். நிரந்தர வேலை இல்லாவிட்டால் அவர்களை இங்கே கூப்பிட முடியாது. "மெக்கானிக்குக்கு வீடு வாசல் எல்லாம் இருக்கு. நீ ஏன் வாயைத் திறக்கிறாய்?" என்றார்கள் தெரிந்தவர்கள். அதுதான் தர்மம் என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள், எண்டிங்கனுக்குப் பள்ளிச் சுற்றுலா போய்வந்து, சாப்பாட்டு மேசையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். ஒரு காலத்தில் சுவிஸில் யூதர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட இரண்டே கிராமங்களில் அது ஒன்று.

"அப்பா, யூத ஆக்களின்ர வேதத்தில நீதியைத் துரத்திக்கொண்டு போ எண்டு இருக்காம். ஆனா தீர்ப்புச் சொல்லேக்கை பணக்காரனுக்குப் பயப்படவும் கூடாதாம், ஏழை எண்டு பாவம் பாக்கவும் கூடாதாம்."

"ஏழைக்குப் பாவம் பாக்காட்டி அதென்ன நீதி?" என்று சத்தம் போட்டேன். பாவம், அவளுக்கு என் பிரச்சினை தெரியாது.

"என்னை ஏன் ஏசுறியள்? நீங்களே போய்க் கேளுங்கோவன்!"

போனேன். சனிக்கிழமையாகப் பார்த்துப் போனேன். அவர்களுக்குப் புனித நாள் அதுதானே! கோயில் திறந்திருக்கும், சனம் கூடும், யாரையாவது பிடித்துக் கேட்கலாம், அன்னதானம்கூட இருக்கலாம். நம்மவர் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

ஓர்லிகோனில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு ரயில். பாடன் நகரத்துக்கு இருபத்தைந்து நிமிடம், அங்கிருந்து பஸ்ஸில் இன்னொரு இருபது நிமிடம். அரைக் கட்டண அட்டை இருந்ததால் போய்வர எனக்கு 14 பிராங் 60 ஆனது. ஊர் நடுவே மணிக்கூட்டோடு யூதர்களின் தொழுகைக் கூடம் நிற்கிறது. கதவு பூட்டு. சுற்றியுள்ள பழைய வீடுகள் சிலவற்றுக்கு அருகருகே இரண்டு வாசல்கள். யூதரும் கிறிஸ்தவரும் ஒரே வாசலால் போய்வரக் கூடாது என்ற சட்டத்துக்காக அப்படிக் கட்டினார்களாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குத் தனி வாசல் பற்றி விளக்கம் தேவையில்லை.

மற்றக் கிராமமான லெங்னாவுக்குப் போகும் பாதையில் இருபது நிமிடம் நடந்தால் பழைய யூதக் கல்லறைத் தோட்டம். அதுவும் பூட்டு. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, அந்த வழியாக உலாவ வந்த ஒரு பெண் சிரித்தார். என் வயதுதான் இருக்கும். அவ்வூர் யூதர். ஓய்வு நாளில் கல்லறைக்கு யாரும் வருவதில்லை, ஊரில் யூதர் மிகச் சிலரே மிஞ்சியிருப்பதால் தொழுகைக் கூடமும் அநேகமாகப் பூட்டுத்தான் என்று ஜெர்மனில் சொன்னார். முன்பின் தெரியாதவரிடம் கொட்டிவிடுவது சுலபம், முழுக் கதையையும் கொட்டிவிட்டேன்.

அவர்களிடம் பழைய கதை ஒன்று இருக்கிறதாம். ஓர் அரசன் வழக்கில் ஏழைக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னான், பிறகு அந்த ஏழை கொடுக்க வேண்டியதைத் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"இரக்கம் காட்டுங்கள், நல்லது. ஆனால் அதை மெக்கானிக்கின் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க நீங்கள் யார்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் அந்தப் பிள்ளைகளின் கதி?"

"எனக்கும் தெரியவில்லை. என் தம்பியைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவான்" என்று கையை விரித்தார்.

தெளிவு தேடிப் போனவன் போனதைவிடக் குழம்பி லெங்னாவுக்கு நடந்தேன். அங்கே பஸ்ஸையும் தவறவிட்டேன்.

மறுநாள் ராசன் அண்ணையின் அறைக்குப் போனேன். "அண்ணை, நான் கண்டதைச் சொல்லப்போறன்" என்றேன். "என்ர பிள்ளையளின்ர முகத்தில முழிப்பியோ?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். திங்கட்கிழமை சொன்னேன். மெக்கானிக் தப்பினார், ராசன் அண்ணைக்கு வேலை போயிற்று. நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். இரவில் ஒரு பதில் வருகிறது, காலையில் வேறொன்று வருகிறது.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். உள்ளே பார்ப்பதற்கு முன்கூட்டியே வழிகாட்டியை ஒழுங்கு செய்யுங்கள். இரண்டு ஊர்களையும் நடந்து பார்க்க மூன்று மணி நேரம் போதும். நல்ல சப்பாத்து போடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

அதற்குப் பிறகு என் ஓய்வு நாளான செவ்வாய்க்கிழமைகளில் தெரிந்த சமையலறைகளுக்கெல்லாம் ராசன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கு ஜெர்மன் போதாது, எனக்கு ஆட்களைத் தெரியும். வருகிறார், ஆனால் கதைப்பதில்லை. போன செவ்வாய் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல். பழைய வேலையை ஏன் விட்டார் என்று தலைமைச் சமையல்காரர் கேட்டார். ஏதோ பொய் சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுப்பதற்குள், ராசன் அண்ணையே தன் உடைந்த ஜெர்மனில் முந்திக்கொண்டார்.

"மெசினை நிற்பாட்ட மறந்தேன். நெருப்புப் பிடித்தது. பிழை என்னுடையது." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "அதை முதலாளியிடம் சொன்னவர் இவர்தான்."

சமையல்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.