மதகோரத்துக் கோரை

புல்லைப் பிடுங்கியதற்கு யாராவது ஊரைக் கூட்டிச் சண்டை போடுவார்களா என்று எங்கள் நகரில் இன்றும் கேட்கிறார்கள். போடுவார்கள். நான் போட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது புல்லே இல்லை.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், ஓர் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். ஏரியின் மதகுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஏறி இறங்குகிற விளிம்பில் மட்டும், மெல்லிசான ஒரு கோரை நின்றது. முழங்கால் உயரம், உச்சியில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கதிர். பாய் பின்னுகிற கோரை வேறு, இது அதன் ஒல்லித் தங்கச்சி. புல்தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளும். இது உருளாது, முக்கோணத் தண்டு, மூன்று பட்டையும் இடறும். புல்லில் கணு இருக்கும். இதில் இருக்காது, உள்ளே கெட்டி. வருஷா வருஷம் மாணவிகளை அங்கே கூட்டிப்போய் உருட்டிப் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு ஆழத் தண்ணீரும் ஆகாது, காய்ந்த தரையும் ஆகாது. மழைக்காலத்தில் கால் நனைய வேண்டும். கோடையில் தண்ணீர் பின்வாங்கிய சேற்றில் வெயில் பட்டு விதை முளைக்க வேண்டும். அந்த ஓரம்தான் இந்த ஊரில் எவர் கண்ணுக்கும் பொறுக்காத இடம். குமணன்சாவடிப் பக்கம் ஒரு குட்டையோரம் இருந்தது. லாரி லாரியாக மண் கொட்டி மனை போட்டார்கள். மாங்காடு போகிற வழியில் ஒரு வாய்க்காலில் இருந்தது. அதைச் சிமெண்டால் பூசிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் மிச்சம் இருந்தது இந்த மதகோரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினால், கரை முழுக்கப் பச்சை டீ-ஷர்ட். எங்கள் குடியிருப்போர் சங்கம் ஏரியைச் சுத்தம் செய்கிறதாம். கையுறை என்ன, மைக் என்ன, கேசரி என்ன! மதகோரத்தைப் பார்த்தேன். வழித்துத் துடைத்திருந்தார்கள். வேரோடு பிடுங்கிய கோரை டிராக்டர் பெட்டியில் குவிந்து கிடந்தது. ஏரியையே மூடிக்கொண்டு வருகிற ஆகாயத்தாமரையில் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சங்கச் செயலாளரைத் தேடிப் பிடித்தேன். நல்ல மனுஷர்தான், ரிடையரான பிறகு சும்மா இருக்கத் தெரியாதவர்.

“ஏரியைக் கெடுக்கிறது அந்த ஆகாயத்தாமரை சார்! அதை விட்டுட்டு இதை ஏன் பிடுங்கினீங்க?”

“அது பூ பூக்குது மேடம். ஊதாக் கலர்ல எவ்வளவு அழகா இருக்கு! இது வெறும் புல்லு. பாம்பு வரும்.”

“பாம்பு உங்க வாசலுக்கும்தான் வரும். வாசலைப் பிடுங்கிடுவீங்களா?”

சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குள் டிராக்டர் கிளம்பிவிட்டது. கட்டியிருந்த பட்டுப்புடவையோடு குறுக்கே போய் நின்றேன். டிரைவர் பிரேக்கை அழுத்தினார்.

“இன்னாக்கா, புல்லுக்குப் போயி வண்டிய மறிச்சுகினு கீற? நவுருக்கா.”

“ஒரு வாளி எடுத்துக்கிறேன். அப்புறம் போ.”

“வாளி இன்னா வாளி, மொத்தத்தையும் உன் ஊட்டாண்ட கொட்டிட்டுப் போறேன். நமக்கு டீசலு மிச்சம்.”

கொட்டினால் நடுவதற்கு மண் ஏது? எங்கள் வாசல் முழுக்கச் சிமெண்டுத் தரை, ஒரே வெயிலில் வேர் கருகிவிடும். சேறு ஒட்டியிருந்த கொத்துகளாகப் பார்த்து ஒரு வாளி நிறைய அள்ளினேன். மிச்சமெல்லாம் குப்பைமேட்டுக்குப் போயிற்று.

வாளியை மொட்டை மாடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வந்தேன். மதகோரத்திலேயே திரும்ப நட்டுக்கொள்கிறேன் என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் அனுமதி கேட்டேன். கட்டைவிரல்கள் வந்தன, கும்பிடுகள் வந்தன, ‘கமிட்டியில் பேசுவோம்’ வந்தது. பேசவில்லை. அந்த இடத்தில் ஒரு பெஞ்சு போட்டார்கள். மறுபடி கேட்டதற்கு, ‘டீச்சருக்கு வேற வேலையே இல்ல போல’ என்று எழுதினாள் ஒரு மகராசி.

அப்புறம் மழை வந்தது. அந்தக் கோரையின் வேர்க்கிழங்கு சேற்றுக்குள் பக்கவாட்டில் ஓடிக் கரையைத் தையல் போட்ட மாதிரி பிடித்திருக்கும். தையலைப் பிரித்தால் என்ன ஆகும்? மதகோரம் சரிந்தது. பெஞ்சு தண்ணீருக்குள் போயிற்று.

மழை விட்டதும் செயலாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மேடம், கரை கரைஞ்சுகிட்டே போவுது. நீங்கதான் செடிகொடி படிச்சவங்க. மண்ணைப் பிடிச்சு நிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்.”

சிரிப்பதா, அடிப்பதா? மாடிக்குப் போய் வாளியைத் தூக்கி வந்து அவர் காலடியில் டம்மென்று வைத்தேன். வாளி நிறையப் புதுத் தண்டுகள், கதிர் விட்டிருந்தன.

“இதைத்தான் சார் பிடுங்கினீங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து, நிதானமாகப் பார்த்தார். ஒரு கதிரை இரண்டு விரலால் தடவியும் பார்த்தார்.

“சரிதான் மேடம்,” என்றார். “இதுலயே பூ பூக்கிற மாதிரி ஏதாவது கிடைக்குமா?”

அடப்பாவி மனுஷா, உன் விரலில் இருப்பதே அதன் பூதான்! சொல்லவில்லை. வாயைத் திறந்திருந்தால் வேறு வார்த்தையெல்லாம் வந்திருக்கும். வாளியை எடுத்துக்கொண்டு நேரே மதகோரம் போனேன். முழங்கால் சேற்றில் இறங்கி ஒவ்வொரு கொத்தாக நட்டேன். அனுமதியாவது, மண்ணாங்கட்டியாவது. அடுத்த ஞாயிறு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வரட்டும், நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.