வெட்டாமல் விட்ட நாற்பது நொடிகள்

நான் பிளஸ் ஒன் படித்தபோது எங்கள் இங்கிலீஷ் மிஸ் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு நாடு கொடுத்தார். எங்களுக்கு அமெரிக்கா வந்தது. அந்த ஊர் மக்களின் பழக்கவழக்கங்களைப் படம், பாட்டு, வீடியோ எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் காட்ட வேண்டும்.

குழுவில் இரண்டு பையன்கள், நான், என் தோழி. பையன்கள் கொடி, உயர்ந்த கட்டடங்கள், பர்கர் என்று இணையத்திலிருந்து படங்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஹாலோவீன் என்ற பேய்த் திருவிழாவுக்காக ஒருவன் வீட்டுப் பரங்கிக்காயில் கண்ணும் வாயும் செதுக்கிப் போட்டோ எடுத்தான். அவன் அம்மா அன்று மதியமே அதைச் சாம்பாரில் போட்டுவிட்டார். எல்லாவற்றையும் கோத்து வீடியோவாக்குவது என் வேலை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரும் அப்பாவின் டிஜிட்டல் கேமராவும் இருந்ததால்தான் அது எனக்கு வந்தது. ஆனால் ஒரே வாரத்தில், எனக்கு அதில் தனித் திறமை இருப்பதாக நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

தோழியின் குவார்ட்டர்ஸ் எங்களுடையதற்கு இரண்டு தெரு தள்ளி. அவள் அப்பா மைன்ஸில் பல வருடம் கான்ட்ராக்ட்டில் உழைத்து பர்மனென்ட் ஆனவர். அதற்கு முன்னால் அவர்கள் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம். அவளுடைய அண்ணன் இன்ஜினியரிங் முடித்து அமெரிக்காவுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

"படமா ஒட்டிக்கினு இருக்கறதுக்கு, எங்க அண்ணனையே கேட்டா என்னா?" என்று அவள்தான் யோசனை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ கால் போட்டோம். திரைக்கு எதிரே புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்தேன். முதலில் அவள் அம்மா பேசினார். "சாப்ட்டியாடா? ஏன்டா இளைச்சிப் போயிட்ட?" என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டு, துணி துவைக்கக் கொல்லைப்பக்கம் போனார். பிறகு முக்கால் மணி நேரம் அண்ணன் எங்களோடு பேசினார். பனியில் வழுக்கி விழுந்த கதை, தன் பெயரை ஆபீஸில் ஆளாளுக்கு ஒரு விதமாகக் கூப்பிடும் கதை எல்லாம் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கடைசியாக, அங்கே குடும்பத்தோடு கூடி விருந்து சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் பற்றிக் கேட்டேன். அதற்கு முந்தைய மாதம்தான் அந்தப் பண்டிகை முடிந்திருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுவாங்கம்மா. கடைங்க மூடிடும். நான் முந்தின நாளே பிரெட்டு வாங்கி வெச்சிக்கினேன். நாலு நாள் ஒருத்தர்கிட்டயும் பேசல."

"ஃபிரண்டு வூட்ல விருந்துன்னு அம்மாகிட்ட சொன்னியே அண்ணா?" என்றாள் தோழி, குரலைத் தாழ்த்தி.

அம்மா எங்களுக்குப் பின்னால் நிற்கிறாரா என்று அவர் திரையில் எட்டிப் பார்த்தார். "அப்படிச் சொன்னாத்தான் அவங்க தூங்குவாங்க. அதான்" என்றார். உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கால் முடிந்ததும் தோழி என் கையைப் பிடித்தாள். "அந்தக் கடைசித் துண்ட கட் பண்ணிடு."

"சரி" என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கொடியும் பர்கரும் எல்லாக் குழுவிலும் இருக்கும். இது யாரிடமும் இருக்காது என்று தோன்றியது. சிரித்ததையெல்லாம் வெட்டினேன். அந்த நாற்பது நொடிகளை மட்டும் வைத்து, அடியில் மெல்லிய பியானோ இசையும் சேர்த்தேன்.

வகுப்பில் காட்டியபோது ஒருவரும் அசையவில்லை. தோழி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, "மத்ததெல்லாம் வெறும் படம். இதுதான் மனசுல நிக்குது" என்றார். பெற்றோர் தினத்திலும் இதைக் காட்டலாம் என்றார்.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: "கட் பண்றேன்னு சொன்னியே?"

"மறந்துட்டேன்டி."

"பேரன்ட்ஸ் டே அன்னிக்காவது எடுத்துடு."

மிஸ்ஸிடம் போனேன். நேரம் அதிகமாகிறது, கடைசித் துண்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அதுதான் முக்கியம் என்றார். ஏன் எடுக்க வேண்டும் என்ற உண்மையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே எடுக்கச் சொல்லியிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். தோழியிடம், "மிஸ் விடமாட்டேங்கறாங்க" என்றேன். "பரவால்ல, அப்பாவுக்கு அன்னிக்கு ஷிஃப்ட். அம்மா தனியா வர மாட்டாங்க" என்றாள்.

அவள் அம்மா வந்தார். பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் பார்த்தபோது என் அம்மாதான் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "உங்க பையன ஸ்கூல்ல பெரிய ஸ்கிரீன்ல காட்டப்போறாங்க" என்று.

திரையில் மகன் முகம் வந்ததும் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு அண்ணன் பேசினார். நான் பக்கவாட்டில் நின்றதால் அவர் முகம் எனக்கு முழுதாகத் தெரிந்தது. எல்லோரும் கை தட்டியபோது அவரும் தட்டினார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"பாப்பா, அன்னிக்கி அவன் பேசினதயெல்லாம் முழுசா போட்டுக் காட்டேன். சிரிச்சிகினு பேசினானாமே, அதப் பாக்கணும்."

என்னிடம் இல்லை. அடுத்த வாரம் அக்காவின் நிச்சயதார்த்தம். கம்ப்யூட்டரில் வெட்டிய துண்டு மட்டுமே இருந்தது; போட்டோ எடுக்க மெமரி கார்டில் இடம் வேண்டும் என்று முழுப் பதிவையும் அழித்திருந்தேன்.

"அழிஞ்சிடுச்சு ஆன்ட்டி" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணனுக்கு அங்கே நிறைய நண்பர்களாம், வெள்ளிக்கிழமை சேர்ந்து கோயிலுக்குப் போகிறாராம், ஒருவர் வீட்டிலிருந்து இட்லிகூட வருகிறதாம்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அவனும் இப்படித்தான் சொல்லுவான் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தோழி என்னோடு சண்டை போடவில்லை. வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் வீட்டில் அம்மா தினமும் அழுகிறார் என்பதும், அண்ணன் அதன்பிறகு வீடியோ இல்லாமல் போனில் மட்டுமே பேசுகிறார் என்பதும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒருமுறை அவள் வீட்டு கேட் வரை போனேன். உள்ளே துணி அலசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டார். என் அம்மாவோடு நானும் போனேன். மேடையில் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த அமெரிக்கா பிராஜெக்ட் பண்ண பொண்ணுதானே நீ? எவ்ளோ மார்க் போட்டாங்க?"

"இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு அண்ணா."

"பரவால்லியே!" என்று சிரித்தார். மணமகளிடம் திரும்பி, "என்னை ஹீரோவா வெச்சு படம் எடுத்த டைரக்டர் இவங்க" என்றார்.

நான் வேண்டுமென்றே வெட்டாமல் விட்டது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். போட்டோகிராபர் எங்களைக் கேமராவைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பின்னால் பரிசுப் பொட்டலங்களோடு ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.