வலது உள்ளங்கையில் விழுந்த தீர்த்தம்

என் மகள் காவ்யா கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் வலது கை மூடித்தான் இருந்தது. அந்தக் கையில் அம்மன் என்ன செய்தாள் என்று அம்மனை நம்பும் உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நான் கர்நாடகத்து ஹனூர்க்காரன். மைசூரு மண்டி மொஹல்லா பகுதியில் வளையல் கடை வைத்திருக்கிறேன். காவ்யா எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுப்பாள். அது இடதுகைப் பழக்கம் என்று நானும் மனைவி செல்வியும் சிரித்துக்கொண்டிருந்தோம். நடக்க ஆரம்பித்தபோது வலது குதிகால் தரையில் படவில்லை. சிரிப்பு நின்றது.

பிறந்த சமயத்தில் மூளையின் இடது பக்கத்தில் அடி விழுந்திருக்கிறது, அதனால் வலது பக்கத் தசைகள் இறுகிக்கொள்கின்றன என்று டாக்டர் சொன்னார். ஹெமிப்ளீஜியா என்று அதற்குப் பெயர். கவனிக்காமல் விட்டால் வளர வளர மூட்டுகள் கோணிப் போகும் என்றார். அன்று வீடு திரும்பும் வழியில் குழந்தை ஆட்டோ ஹாரனைக் கேட்டுக் கைகொட்ட முயன்றுகொண்டிருந்தாள்.

பிறகு காலுக்கு முழங்காலுக்குக் கீழ் வரை பிளாஸ்டிக் பிரேஸ் வந்தது. பட்டாம்பூச்சிப் படம் போட்டதுதான் வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டாள். அதைக் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது செல்வியின் வேலை. தூங்கும்போது விரல்களை விரித்துவைக்கக் கைக்கு ஸ்ப்ளிண்ட். இறுக்கம் அதிகமானபோது தசையைத் தளர்த்த ஊசியும் போட்டார்கள். தெரபி சென்டரில் கைப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். காலில் பலன் சீக்கிரமே தெரிந்தது. பிரேஸ் மாட்டினால் குதிகால் ஊன்றி நடந்தாள், ஓடவும் ஓடினாள். கைதான் பிடிவாதம் பிடித்தது.

எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தீர்த்தம் கொடுப்பார்கள். காவ்யாவால் இடது கையைத்தான் நீட்ட முடியும். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரும் டாக்டராகிவிடுவார்கள். "வலது கைய நீட்டு கண்ணு", "தெறந்து புடி" என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சத்தம். எல்லாரையும்விடப் பெரிய சத்தம் என்னுடையது. கை இன்னும் கெட்டியாக மூடிக்கொள்ளும். கடைசியில் என் கையில் வாங்கி அவள் வாயில் விடுவேன். "தாயே, என் பிள்ளையின் வலது கையில் ஒரு சொட்டாவது விழ வை" என்பதுதான் என் ஒரே வேண்டுதல். கடை திறக்கும்போதும் அதுதான், ஷட்டர் இறக்கும்போதும் அதுதான்.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு அப்போது ஏழு வயது. பிரேஸைச் செருப்பு வைக்கிற இடத்தில் கழற்றி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நடந்து வந்தாள். எங்கள் முறை வரும்போது பாத்திரம் காலி. பூசாரி தீர்த்தம் எடுத்துவர உள்ளே போனார். வழக்கமாகத் தீர்த்தம் வாங்கிய பிறகுதான் விழுந்து கும்பிடுவோம். அன்று அவள் என் கையை விட்டுவிட்டு அங்கேயே மண்டியிட்டாள். தெரபி சென்டரில் சொல்லிக்கொடுத்தபடி, மூடிய விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையைத் தரையில் பதித்து, அதன்மேல் பாரம் கொடுத்துக் குனிந்தாள். எழுந்திருக்கவே இல்லை. பின்னால் முணுமுணுப்பு.

"காவ்யா, எந்திரி. கைய நீட்டு" என்று நான் ஆரம்பித்தேன்.

தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, யாரும் கத்தாதீங்க. கத்துனா அது பயந்துக்குது."

பக்கத்தில் நின்ற செல்வி என் முழங்கையில் இடித்தாள். "கடைக்கு வர்றவங்ககிட்டெல்லாம் கையத் தளர விடுங்கம்மான்னு சொல்றீங்க. சொந்தப் புள்ளைக்கு மட்டும் மெரட்டலா?"

எனக்குச் சுருக்கென்றது. விறைத்த கையில் வளையல் ஏறாது. பேச்சுக் கொடுத்துக் கொடுத்துத்தான் ஏற்றுவேன். என் பிழைப்பே அதுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆச்சரியம், வரிசையும் வாயை மூடிக்கொண்டது.

பூசாரி வந்தார். காவ்யா எழுந்து மெதுவாக வலது கையை நீட்டினாள். விரல்கள் பாதி விரிந்து, நடுவில் ஒரு சின்னக் குழி. இடது கையால் கீழே தாங்கிக்கொண்டாள். பூசாரி ஊற்றினார். பாதி வழிந்து அவள் பாவாடையில் சிந்தியது. மீதியைக் குடித்தாள்! ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு, "இன்னொரு வாட்டி குடுங்க" என்றாள். கோயிலே சிரித்தது. நான் மட்டும் குழந்தை மாதிரி அழுதேன்.

உடம்பின் பாரத்தை விரித்த கையில் தாங்கினால் இறுக்கம் கொஞ்ச நேரம் தளரும், அதற்குத்தான் அந்தப் பயிற்சி என்று தெரபி சொல்லித்தரும் பெண் பிறகு விளக்கினார். இருக்கட்டும். ஆனால் அந்த நிமிடம் பாத்திரத்தைக் காலி செய்தது யார்? எனக்குத் தெரியும்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. கால் வளர்ந்ததால் இப்போது புது பிரேஸ். ஸ்ப்ளிண்டும் உண்டு. குளிர் நாளில் கை திரும்ப இறுகுகிறது. ஆனால் வீட்டில் அந்தக் கையை யாரும் அதட்டுவதில்லை. பகலில் அதில் சிவப்புக் கண்ணாடி வளையல் கிடக்கிறது, நானே ஏற்றியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால் அம்மனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு பிரேஸையும் மறக்காமல் மாட்டுங்கள். இரண்டையும் விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்கு வந்தால், வரிசையை நிறுத்திவைத்துவிட்டு ஒரு பெண் குழந்தை வெகுநேரம் குனிந்திருப்பாள். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். அவள் கை வந்துகொண்டிருக்கிறது. தீர்த்தம் எல்லோருக்கும் இருக்கிறது.