மருந்து என்னுடையது, அனுமதி சென் டாக்டருடையது

டாக்டர் தொழிலில் நோயைக்கூடச் சமாளித்துவிடலாம், 'எங்க டாக்டர் வரலையா?' என்ற கேள்வியைச் சமாளிக்க முடியாது. தொண்ணூறுகளில் கல்கத்தாவில், குடும்ப டாக்டர்கள் லீவில் போனால் பதிலாக வேறு டாக்டரை அனுப்பும் ஒரு சர்வீஸில் இருந்தேன். அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மீன் பரீட்சை

ஜாதவ்பூரில் ஒரு அம்மாளுக்குக் காய்ச்சல். நான் நாடி பிடிப்பதற்குள் அவர் என்னை விசாரித்து முடித்துவிட்டார். தமிழ்க் குடும்பம், அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, நான் பிறந்தது இங்கேதான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மீன் மட்டும் சாப்பிடுவதில்லை என்றதும் வாடிவிட்டது.

"அப்போ நான் மீன் குழம்பு சாப்பிடலாமா கூடாதான்னு நீங்க எப்படிச் சொல்வீங்க, டாக்டர்பாபு?"

இருமலும் விசுவாசமும்

பாலிகஞ்ச் முகர்ஜிக்கு இருமல். மருந்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் இருமிக்கொண்டே இருந்தார். லீவில் போன அவருடைய குடும்ப டாக்டர் சென் திரும்பி வந்து சரி என்று சொல்லும்வரை மருந்தை வாங்கப்போவதில்லையாம். சொந்த டாக்டரைக் கேட்காமல் மருந்தைத் தொடாதது அந்த ஊர் வழக்கம்.

"உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லை. அவர் மனசு நோகக்கூடாது பாருங்க."

அஷ்டமி காலை

துர்கா பூஜை சமயம். அதே முகர்ஜி. பூரி, உருளைக்கிழங்கு தின்றதில் வயிற்றில் கேஸ் என்று வீடே சொன்னது. மனிதர் வியர்த்துக் கொட்டி, நெஞ்சை அமுக்கிக்கொண்டு இருந்தார். ஹார்ட் அட்டாக், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். ஆஸ்பிரின் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சென் டாக்டர் சொல்லட்டும்" என்றார்.

சென் டாக்டர் பூஜை லீவுக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். நல்லவேளையாக அவர் தங்கியிருந்த ஹோட்டல் நம்பர் முகர்ஜி வீட்டில் இருந்தது. போன் கிடைப்பதற்குள் எனக்கே நெஞ்சு வலிக்கும்போல் ஆகிவிட்டது. நான் விஷயத்தைச் சொல்லி ரிசீவரை முகர்ஜியின் காதில் வைத்தேன். மாத்திரை வாய்க்குள் போயிற்று. பூஜைப் பந்தல் தெருவை அடைத்திருந்ததால், பூஜை நடத்தும் தெரு கிளப் ஆட்கள் அவரை நாற்காலியோடு தூக்கிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

பிழைத்துவிட்டார் என்று சாயந்திரம் தகவல் வந்தபோது நிம்மதியில் அழுதே விட்டேன். அவர் வீடு திரும்பியதும் போய்ப் பார்த்தேன். சென் டாக்டர் போனில் அப்படி என்னதான் சொன்னார் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதையேதான் சொன்னார். ஆனா அவர் சொன்னார் இல்லையா!"

அன்றிலிருந்து, லீவில் போன டாக்டர் தங்கியிருக்கும் இடத்தின் போன் நம்பரை ஸ்டெதஸ்கோப்புக்கும் முன்னால் பையில் போட்டுக்கொண்டுதான் எந்த வீட்டுப் படியும் ஏறினேன்.