பாங்குக்கு முந்தி இறங்கிய தண்ணீர்

படித்தவர்கள் நிறைந்த ஊரில், ஓ.எல். பரீட்சை வரை மட்டும் போன நான் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு நா எழாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது நான்தான். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒன்பது வருடம் அரபு நாட்டில் எண்ணெய்க் கிணறுகளில் உதவியாளாக இருந்தேன். கிணற்றை மூடிவிட்டால் உள்ளே அமுக்கம் மெல்ல ஏறும். அமுக்கமானியைப் பார்த்து அதை எழுதி வைப்பதுதான் என் வேலை. என் எண்களை இஞ்சினியர் கோடாக வரைவார். பக்கத்துக் கிணறு அதே எண்ணெயை இழுத்தால் கோடு வளையும் என்று ஒருநாள் காட்டினார். பூமிக்குள் கிடப்பதை யாரும் பார்த்ததில்லை. அந்தக் கோடுதான் கண்.

அக்குறணையில் எங்கள் மேட்டில் பதினெட்டு வீடுகளுக்கு ஒரே குழாய்க்கிணறு. இந்த வருடம் பகலானால் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கியது. பார்க்க வந்த, மோட்டார் திருத்தும் பாஸ், "கிணறு செத்துப் போச்சு. மூடிட்டு வேற எடத்துல தோண்டுங்க" என்றார். வேறு இடம் எங்களிடம் இல்லை. மூடினால் பதினெட்டு வீடும் தண்ணீர் கொண்டுவரும் பவுசரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"ஒரு நாள் மோட்டாரப் போடாம ஈப்போம். தண்ணி எப்பிடி ஏறுதுண்டு பாக்கணும்" என்றேன்.

பக்கத்து வீட்டு ராத்தா கையைத் தட்டினார். "இவரு வாயத் தொறந்துட்டாரே! அதுக்காகவே ஒரு நாள் தண்ணி இல்லாம ஈக்கலாம்."

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு, கிணற்றடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, கல் கட்டிய நாடாவை இறக்கி அளந்து கொப்பியில் எழுதினேன். தண்ணீர் ஒழுங்காக ஏறியது. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பிறகு நாலு விரல் இறங்கியது. ஒரு மணிக்கு மேல் மறுபடி ஏறியது. மூன்று மணிக்கு முன்னால் திரும்பவும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நடுப்பகல் லுஹருக்கு முன்னாலும் இப்படித்தான் இறங்கியது என்று அப்போதுதான் உறைத்தது.

மேட்டுக்குக் கீழே பள்ளிவாசல். ஒவ்வொரு பாங்குக்கும் முன்னால், கைகால் கழுவி வுழுச் செய்ய வருகிறவர்களுக்காக, பாங்கு சொல்லும் மோதினார் அங்குள்ள கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு ஹவுழ்த் தொட்டியை நிரப்புவார். இரண்டு கிணறும் ஒரே பாறை வெடிப்பில் குடிக்கின்றன. நாங்களும் அதே நேரத்தில் இழுத்ததால்தான் காற்று வந்தது.

பாஸைக் கூப்பிட்டு, "மஃரிப் பாங்குக்கு முந்தி இன்னொருக்கா இறங்கும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கிணத்துக்கும் தொழுக நேரம் தெரியுமா?" என்று ராத்தா சிரித்தார்.

ஆறு மணிக்கு முன்னால் பாஸே நாடாவைப் பிடித்தார். நாலு விரல். மறுபடி இறக்கிப் பார்த்தார். அதே நாலு விரல். "சாகல்ல" என்று சொல்லிவிட்டு, என் கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். வெட்கப்படவில்லை. பிறகு பள்ளிக்குப் போய் மோதினாரிடம் பேசினேன். நானே பேசினேன்.

அடுத்த நாள் சுபஹு முடிந்ததும் மோதினார் லுஹருக்கும் சேர்த்து ஹவுழை விளிம்புவரை நிரப்பினார். பத்து மணிக்கு நாங்கள் மோட்டாரைப் போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஓடியது. காற்று வரவில்லை.